ஏழு மணி நிழலும் பதினொரு மணி நிழலும்

அந்த நிழலைத் திருத்தச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இதைப் போய் ஒரு கதையாகச் சொல்ல வந்துவிட்டாளே என்று என் நாத்தனார் சிரிப்பாள். அவளுக்கு எதுவுமே பெரிதில்லை. எனக்கு இது பெரிது, அதனால் சொல்கிறேன்.

நான் பெயிண்டர். படம் வரைகிற ஆளில்லை, சுவருக்கு அடிக்கிற ஆள். நானும் என் வீட்டுக்காரரும் இருபத்திரண்டு வருஷமாக ஜோடியாக வேலை செய்கிறோம். பட்டி பார்ப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பிரைமர், அதற்கு மேல் இரண்டு கோட்டோ மூன்று கோட்டோ, எல்லாம் நாங்கள் இரண்டு பேர்தான். நான் வலது கை, அவர் இடது கை. அதனால் எந்தச் சுவராக இருந்தாலும் இடது மூலை எனக்கு, வலது மூலை அவருக்கு. ஆளுக்கொரு பக்கம் ஆரம்பித்து நடுவில் வந்து சந்திப்போம். கல்யாணம் ஆன புதிதில் நடுவில் சந்திக்கும்போது சிரித்துக்கொள்வோம். இப்போதெல்லாம், உன் பக்கம் வழியுது பார் என்று சண்டை போட்டுக்கொள்கிறோம்.

படம் வரைகிற கிறுக்கு எப்போது பிடித்தது என்று தெரியாது. மிச்சம் விழுகிற எனாமல் டின்களைத் தூக்கிப் போட மனசு வராமல் வீட்டில் சேர்த்து வைத்திருந்தேன். யாரோ ஒருவர் வீட்டில் அலமாரி மாற்றியபோது அதன் முதுகுப் பலகை கிடைத்தது. மூன்றடிக்கு இரண்டடி, நல்ல பிளைவுட். அதற்கு பிரைமர் அடித்து, தேய்த்து, கட்டிலுக்கு அடியில் ஆறு மாதம் வைத்திருந்தேன். எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டார். தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

பஸ் போய்த் திரும்புகிற கடைசி நிறுத்தத்துக்கு அப்பால் வயல் ஆரம்பிக்கும். அங்கே ஒரு மோட்டார் அறைக்கு வெள்ளை அடிக்கப் போனபோதுதான் அந்த இடத்தைப் பார்த்தேன். நீளமாக வயல், நடுவே வரப்புகள், இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இரண்டு மரம். என்ன மரம் என்று பின்னால் படத்தைப் பார்த்த சித்திரக் கழகத்துச் செயலாளர் கேட்டார். மரம் சார் என்றேன். பெயர் தெரிந்தால்தான் வரைய வேண்டும் என்று சட்டமா என்ன?

ஒரு சனிக்கிழமை வேலை முடிந்தது, அடுத்த வேலை செவ்வாய்க்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பலகையையும் டின்களையும் மூட்டை கட்டிக்கொண்டு முதல் பஸ் ஏறிவிட்டேன். போனை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். ஏழு மணிக்குக் காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தவள் பதினொரு மணிக்குத்தான் எழுந்தேன்.

எனக்குத் தெரிந்தது சுவர் அடிக்கிற முறை ஒன்றுதான். ஒரு மூலையில் ஆரம்பித்தால் மறு மூலை வரை நிற்காமல் போக வேண்டும். காய ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பிப் போய்க் கை வைத்தால் திட்டுத் திட்டாகக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படித்தான் இதையும் அடித்தேன். இடது ஓரத்து மரத்தில் ஆரம்பித்தேன். அப்போது ஏழு மணி. வெயில் படுத்துக்கொண்டு வந்தது, பயிரின் நுனி மட்டும் மஞ்சளாக இருந்தது, மரத்தின் நிழல் மூன்று வரப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு கிடந்தது. கண்ணில் கண்ட கலரைக் கலந்தேன், அடித்தேன், நகர்ந்தேன். நடுவயலுக்கு வரும்போது பச்சை நன்றாக வெளுத்திருந்தது. வலது ஓரத்து மரத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சந்தலையில் ஏறிவிட்டது. அந்த மரத்தின் நிழல் சுருங்கி, காலடியில் துணி விழுந்து கிடந்தது போல இருந்தது. அதையும் அப்படியே அடித்தேன்.

அந்த நாலு மணி நேரத்தில் யாரும் என்னை எதற்கும் கூப்பிடவில்லை. ஏணி பிடி, வாளி எடு, சோறு வை, கணக்கு எழுது, ஒன்றும் இல்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எனக்கே எனக்கு என்று இருந்த நாலு மணி நேரம் அதுதான். வீட்டுக்கு வந்து பலகையைச் சுவரில் சாய்த்தேன். என் வீட்டுக்காரர் சட்டையைக்கூட மாற்றாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நாத்தனார், பரவாயில்லையே அண்ணி, காலண்டர் மாதிரி இருக்கே என்றாள். அவர் மட்டும், "இந்தப் பச்சைய எப்படிக் கலந்த?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் அவர் கலர் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் சித்திரக் கழகத்தின் மண்டபத்துக்கு வெள்ளை அடிக்கிற வேலை வந்தது. மூன்று கோட். கிழக்குப் பக்கம் ஆள் உயரத்துக்கும் மேலே நான்கு சன்னல். காலையில் அந்த வெயில் உள்ளே வந்து தரையில் நீளமாக விழும். ஈரச் சுவரில் வெயில் பட்டால் பெயிண்ட் கொப்புளம் கட்டும் என்பதால், எத்தனை மணிக்கு வெயில் எந்த இடத்தில் இருக்கும் என்று எங்களுக்கு அத்துப்படி. அந்த மண்டபத்துக் கதவில்தான் அந்த அறிவிப்பு ஒட்டியிருந்தது. வருடாந்திரக் கண்காட்சி. நேரில் அமர்ந்து, இயற்கை ஒளியில் வரைந்த நிலக்காட்சிகள் வரவேற்கப்படுகின்றன. யார் வேண்டுமானாலும் அனுப்பலாம்.

யார் வேண்டுமானாலும் என்றால் நானும்தானே. பலகையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

செயலாளர் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். கெட்ட மனுஷன் இல்லை. பலகையை மேசைமேல் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். எனாமலில்கூட இப்படி வருமா என்று ஆச்சரியப்பட்டார். அதற்குப் பிறகு விரலை நீட்டினார்.

"ரெண்டு மரமும் ஒரே உயரம். வானத்துல இருக்கிறது ஒரு சூரியன்தானே. ஒண்ணுக்கு நிழல் அவ்வளவு நீளம், இன்னொண்ணுக்கு இத்துனூண்டு. எப்படிம்மா?"

இடது பக்கம் ஏழு மணிக்கு அடித்தது, வலது பக்கம் பதினொரு மணிக்கு அடித்தது என்று சொன்னேன். சின்னப் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது போலச் சிரித்தார். வெளியே உட்கார்ந்து வரைகிறவர்கள் முதல் பத்து நிமிஷத்தில் நிழலை எல்லாம் குறித்துக்கொண்டு, அப்புறம் வெயில் எங்கே போனாலும் அதை மாற்ற மாட்டார்களாம். அதுதான் முறையாம். ஒருவேளை இரண்டு போட்டோவைப் பார்த்து ஒட்டுப் போட்டேனோ என்றும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. போனையே வீட்டில் விட்டுவிட்டுப் போனவளிடம் போட்டோவா என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

பிரச்சினை ஒன்றும் இல்லை, வலது பக்கத்து நிழலை மட்டும் கொஞ்சம் நீட்டி விடுங்கள், பத்து நிமிஷ வேலை, நடுச் சுவரிலேயே மாட்டிவிடுகிறேன் என்றார்.

"மாட்டேன் சார்."

"ஏம்மா?"

"பதினோரு மணிக்கு அது அவ்வளவுதான் இருந்துச்சு."

அப்படியென்றால் எடுத்துக்கொள்ள முடியாது என்றார். பார்க்கிறவர்கள் கழகத்தைத்தான் கேலி செய்வார்களாம். பலகையை அங்கேயே வைத்துவிட்டு யோசித்துச் சொல்லச் சொன்னார். யோசிக்க ஒன்றும் இல்லை என்று பலகையைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் நாத்தனார் வயிறு குலுங்கச் சிரித்தாள். ஒரு நிழலுக்காகவா அண்ணி இந்தப் பாடு என்றாள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கேட்கிறவர்கள் கேட்கிற கலரை அடிப்பதுதானே நம் தொழில், எத்தனை பேர் வீட்டில் நமக்குப் பிடிக்காத கலரை வாயை மூடிக்கொண்டு அடித்திருக்கிறோம் என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"அது அவங்க சுவரு. இது என் பலகை."

அந்த நிழலை நீட்டினால் அந்தப் படத்தில் பதினொரு மணி இருக்காது. பதினொரு மணி இல்லை என்றால் நான் அங்கே நாலு மணி நேரம் உட்காரவே இல்லை என்று ஆகிவிடும். இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல எனக்கு வரவில்லை. சொல்ல வராவிட்டால் என்ன, விட்டுக்கொடுக்காமல் இருக்கலாம்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால், நான் ஒரு வீட்டு மாடியில் தனியாக உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் போன் செய்தார். செயலாளர் ஒத்துக்கொண்டாராம், படத்தை எடுத்து வரச் சொன்னாராம், இவரே வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாராம். நிழல் என்று இழுத்தேன். அதெல்லாம் பேசியாயிற்று என்றார். உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. மூஞ்சி முழுக்கப் பட்டித் தூள், அதில் கண்ணீர் கோடு போட்டிருந்ததைக் கீழ்வீட்டுக்காரம்மா பார்த்துப் பயந்துபோனார். வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் ஒரு மணி நேரம் பெருமை அடித்தேன். நெஞ்சை நிமிர்த்தி நின்றால் உலகம் வழிவிடும் என்றெல்லாம் பேசினேன். அவர் மட்டும் கைகழுவப் போனவர் நெடுநேரம் வரவில்லை.

கண்காட்சி அன்று பத்து மணிக்கு ஆரம்பம். இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, இவரையும் இஸ்திரி போட்ட சட்டையில் இழுத்துக்கொண்டு போனேன். நாங்கள் அடித்த வெள்ளைச் சுவரில் முப்பது நாற்பது படங்கள். என் படம் சொன்னபடியே நடுச் சுவரில், சன்னல் பக்கமாக, கொஞ்சம் உயரத்தில் தொங்கியது. கிட்டே போய்ப் பார்ப்பதற்குள் எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டார்கள். கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. முன்வரிசையில் செயலாளர் உட்கார்ந்ததும் வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது. நாற்காலியை நான்கு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். தலைமை விருந்தினர் பேச ஆரம்பித்தார். கலை என்றால் என்ன என்று ஆரம்பித்தவர் ஒன்றரை மணி நேரம் நிறுத்தவே இல்லை. எனக்கு வேறு வேலை இல்லாததால் தரையில் விழுந்த வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கைதட்டல் முடிந்ததும் படத்திடம் போனேன். எட்டடி தூரத்திலேயே என் கால் நின்றுவிட்டது. வலது மரத்தின் நிழல் நீளமாகக் கிடந்தது.

முதலில் கண்தான் கோளாறு என்று நினைத்தேன். பக்கவாட்டில் போய், சன்னல் வெளிச்சத்துக்குத் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். டச்சப் பண்ணிய இடத்தைப் பெயிண்டர்கள் அப்படித்தான் பார்ப்பது. என் எனாமல் பளபளவென்று இருந்தது. அந்த நீள நிழல் மட்டும் பளபளப்பே இல்லாமல் செத்துக் கிடந்தது, மேட் பெயிண்ட். கலர் அச்சு அசலாகப் பொருந்தியிருந்தது, நூல் பிசகவில்லை. அவ்வளவு சரியாக என் பச்சையைக் கலக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஒருத்தர். பிரஷ் இழுத்த கோடுகள் எல்லாம் இடது பக்கம் சாய்ந்திருந்தன.

திரும்பிப் பார்த்தேன். அவர் தூணோரமாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"என்னங்க இது?"

"அவரு போன் பண்ணிக் கேட்டாரு. ஒரு கோட்டுதானேன்னு நெனச்சேன்." சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார். "நாம அடிச்ச சுவருல உன் படம் தொங்கணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு. வலது பக்கம் எப்பவும் என் பக்கம்தானே, தொடலாம்னு நெனச்சுட்டேன்."

கத்தியிருந்தால்கூடத் தேவலை, நான் கத்தவில்லை. ஊரான் வந்து கெடுத்திருந்தால் மண்ணை வாரித் தூற்றலாம். ஆசைப்பட்டுக் கெடுத்தவரை என்ன செய்வது? நேராக மாடிப்படிக்கு அடியில் இருந்த சாமான் அறைக்குப் போனேன். போன மாதம் நாங்கள் மிச்சம் வைத்துவிட்டுப் போன டர்பன்டைன் டின், சுவிட்ச் போர்டுக்குக் கீழே அங்கேயேதான் இருந்தது. தின்னரும் பக்கத்தில் இருந்தது. தின்னர் போட்டால் என் பெயிண்டையும் சேர்த்து உரித்துவிடும். டர்பன்டைன், புதுசாக அடித்ததை மட்டும்தான் கரைக்கும். என்னுடையது மூன்று மாதமாக இறுகியது. அவருடையது இரண்டு நாள் ஈரம்.

டின்னும் துணியுமாக நான் வருவதைப் பார்த்ததும் செயலாளர் குறுக்கே வந்துவிட்டார். படத்தைத் தொடக்கூடாது, இப்போது அது கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது என்றார். சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். தலைமை விருந்தினரும் டீக் கோப்பையோடு வந்து நின்றார்.

என் படத்தில் எனக்குத் தெரியாமல் கை வைக்கச் சொன்னது யார் என்று கேட்டேன். உங்கள் வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் செய்தோம் என்றார். அவர் என் வீட்டுக்காரர், என் படத்துக்காரர் இல்லை என்றேன். யாரோ சிரித்தார்கள். செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. தப்பைத் திருத்தியதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா, ஒரு சூரியனுக்கு இரண்டு அளவு நிழல் எந்த ஊரில் விழும், நீங்களே சொல்லுங்கள் என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இந்த ஊருலதான் சார். பத்து மணிக்கு வெயில் மூஞ்சில அடிக்குதுன்னு நாற்காலிய நகத்திப் போட்டீங்க. இப்பப் பழைய எடத்துல போய் நின்னு பாருங்க."

அவர் போகவில்லை. ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முதலில் உட்கார்ந்த இடத்தில் வெயிலே இல்லை. தரையில் நீளமாகக் கிடந்த வெளிச்சம் சுருங்கிச் சன்னலை ஒட்டிப் போயிருந்தது.

"ஐயா பேசினது ஒன்றரை மணி நேரம்," என்று தலைமை விருந்தினரைக் காட்டினேன். "நான் உக்காந்தது நாலு மணி நேரம். நேர்ல உக்காந்து வரைஞ்சதுதான் வேணும்னு கதவுல ஒட்டினது நீங்க. உக்காந்தா இப்படித்தான் வரும்."

தலைமை விருந்தினர் டீயைக் குடித்து முடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தார். செயலாளருக்கும் வீம்பு வந்துவிட்டது. நிழலைத் துடைத்தால் படத்தை இறக்கிவிடுவேன் என்றார். தாராளமாக இறக்குங்கள், ஆனால் யாரையும் ஏவாமல், இத்தனை பேர் பார்க்க நீங்களே ஏணி வைத்து ஏறி இறக்குங்கள் என்றேன். ஏணி எங்கே இருக்கிறது என்றும் சொன்னேன்.

துணியை டர்பன்டைனில் நனைத்தேன். எக்கி நின்றாலும் படத்தின் வலது மூலை கைக்கு எட்டவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து துணியை வாங்கியது. இடது கை.

"நான் அடிச்சத நானே எடுக்கிறேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

இஸ்திரி சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு துடைத்தார். அழுத்தாமல், ஒரே திசையில், என் பெயிண்டில் ஒரு கீறல்கூட விழாமல் துடைத்தார். நீள நிழல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து துணிக்குப் போனது. அடியில் நான் அடித்த வெயில் அப்படியே இருந்தது. கடைசியில் மரத்தின் காலடியில் என் சின்ன நிழல் மட்டும் மிஞ்சியது. அவர் இரண்டடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்து, திட்டு ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தார். தெரியவில்லை. மன்னித்துவிடு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். போட்டோம், அது வேறு கதை.

செயலாளர் ஏணியைத் தேடிப் போகவில்லை. கூட்டம் கலைந்ததும், பார்க்கிறவர்கள் கேட்டால் கழகம் பதில் சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சொல்கிறேனே. ஒரு நாற்காலியை இழுத்துப் படத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். கண்காட்சி மூன்று நாள். மூன்று நாளும் வேலைக்குப் போகாமல் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் மத்தியானம், கையில் காய்கறிப் பையோடு ஒரு அம்மா வந்தார். மழைக்கு ஒதுங்குகிற மாதிரி வெயிலுக்கு ஒதுங்க வந்தவர் போலிருந்தது. ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்து என் படத்தின் முன்னால் நின்றார். இடது மரத்தைப் பார்த்தார், வலது மரத்தைப் பார்த்தார், மறுபடி இடது மரத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த நிழல் மட்டும் ஏன் இப்படி இருக்கு?"

"அந்தப் பக்கம் ஏழு மணி. இந்தப் பக்கம் பதினோரு மணி."

"நடுவுல?"

"நடுவுல நான் இருந்தேன்," என்றேன்.

அந்த அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, இடது ஓரத்திலிருந்து மறுபடியும் மெதுவாகப் பார்க்க ஆரம்பித்தார்.